என் மூன்று அடைத்த பற்களும் அவர் கையும்

என் வாயில் மூன்று கடைவாய்ப் பற்கள் அடைத்தவை. அடைத்தது பல் டாக்டர். அடைக்கிற பொருளைக் கலந்து கொடுத்தது என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கிளினிக்கில் அவர்தான் உதவியாள். தெருவில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர். வெள்ளித் தூளைச் சின்ன உரலில் போட்டு, பாதரசத்தைச் சொட்டு விட்டு அரைப்பார். அப்புறம் துணியில் முறுக்கிப் பிழிவார். அதிகப்படி பாதரசம் குண்டு குண்டாக வெளியே வந்துவிடும். மிச்சப் பசையை உள்ளங்கையில் உருட்டி டாக்டரிடம் நீட்டுவார். கையுறை டாக்டருக்கு மட்டும்தான்.

போன வருஷம் எனக்கு ஓயாத தலைவலி. பக்கத்து வீட்டுக்காரி ஒரு வீடியோவைக் காட்டினாள். பல்லில் இருக்கிற பாதரசம் மெல்லும்போதெல்லாம் ஆவியாகி மூளைக்கு ஏறுகிறதாம். அன்று ராத்திரி வீட்டுக்காரர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என் வாயில என்னத்தைங்க வச்சு அடைச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சிட்டியா? ஊர்ல பாதிப் பேரு வாயில அதுதான் இருக்கு."

"அப்ப கிளினிக்ல அந்தப் பாதரசப் பாட்டில்ல ஏன் மண்டை ஓடு படம் போட்டிருக்கு?"

"உனக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது!" என்று கத்திவிட்டு எழுந்து போனார்.

கத்துகிற ஆளே இல்லை அவர். எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புகிறவர். கொஞ்ச நாளாகத் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், சரியான தூக்கம் இல்லை, வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளறைக்குள் நழுவிவிடுகிறார். டீயைக்கூட அரை டம்ளருக்கு மேல் ஊற்ற விடுவதில்லை. என் மேல்தான் ஏதோ கோபம் என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் பல்லில் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரியும், அதைத்தான் மறைக்கிறார்!

மூன்று அடைப்பையும் தோண்டி எடுக்கச் சொல்வது என்று முடிவு கட்டினேன். டாக்டரிடம் சண்டை போட ஆதாரம் வேண்டுமே. எந்தப் பல்லை எப்போது அடைத்தார்கள், எந்த வலி எப்போது வந்தது என்று கணக்குப் பார்க்க, பழைய கிளினிக் அட்டைகளைத் தேடி எடுத்தேன். பெயரும் மறுபடி வரவேண்டிய தேதியும் எழுதித் தருகிற அட்டை. எழுதுவது இவர்தான். சாப்பாட்டு மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

பதினாறு வருஷத்துக்கு முந்தைய அட்டையில் முத்து முத்தான எழுத்து. ஒன்பது வருஷத்துக்கு முந்தையதில் எழுத்து சிறுத்து, கோட்டை விட்டு இறங்கியிருந்தது. கடைசி அட்டைக்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதில் என் பெயரை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் எழுதியது மாதிரி ஒவ்வொரு கோடும் நடுங்கியிருந்தது.

அரை டம்ளர் டீ! சிந்திவிடும் என்றுதானா? பாவி நான், கோபம் என்று நினைத்தேனே.

சாயங்காலம் அவர் வந்ததும், "கையை நீட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

விரல்கள் தானாக ஆடின. "எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"வெளியில தெரிய ஆரம்பிச்சு மூணு வருஷம் இருக்கும்," என்றார், தரையைப் பார்த்தபடி. "டாக்டருக்குத் தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாருடி. இந்த வயசுல வேற எங்க போவேன்?"

நான் வாய்விட்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றினார், அதே கையால்.

தினமும் அரைத்த பாதரசம் என் மூளைக்கு இல்லை, இவர் கைக்குத்தான் ஏறியிருக்கிறது என்று ராத்திரி உறைத்தது. மறுநாள் அவரோடு கிளினிக்குக்குப் போனேன். கலக்கும் அறைக்கு ஜன்னலே இல்லை. சிந்தினதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று, மேசைக்கு அடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன்.

"அம்மா, என்ன பண்றீங்க?" என்று டாக்டர் ஓடி வந்தார்.

தரை வெடிப்பு முழுக்கப் பாதரசம் கடுகு கடுகாக மின்னியது. இருபத்திரண்டு வருஷம் சிந்தியது. அந்த அறையைத் தினமும் பெருக்கியதும் இவர்தான்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டர்.

"அப்ப உங்க கைக்கு மட்டும் எதுக்கு உறை?"

"அது... கிருமிக்காக."

"இவரை வேலையை விட்டு அனுப்பினீங்க, இந்த விரிப்பை நடுத்தெருவுல விரிப்பேன், பாத்துக்குங்க!"

பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். எனக்குப் பாதரசம் சாதாரண அளவு. அவருக்குப் பல மடங்கு.

"உங்க வாயில இருக்கிறது இறுகிப்போனது," என்று அங்கே இருந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார். "அதுல இருந்து வர்ற ஆவி ரொம்பக் கொஞ்சம். தோண்டினாத்தான் அந்த நேரத்துக்கு அதிகமா வரும். நல்லா இருக்கிறதை அப்படியே விட்டுடுங்க. இவரு மூடின அறையில வருஷக்கணக்கா சுவாசிச்சது வேற."

என் தலைவலிக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த அறையை ஆள் வைத்துச் சுத்தம் செய்து பூட்டிவிட்டார்கள். இவருக்கு இப்போது முன்னறையில் வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. நடுக்கம் முழுசாகப் போகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. டாக்டர் செய்த சத்தியத்தை நான் இன்னும் நம்பவில்லை. டீ முக்கால் டம்ளர் வரைக்கும் வந்திருக்கிறது.