ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம்!

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன்... ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் குணா அண்ணன் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். நாங்கள் குடியிருக்கும் கெலுகோரிலிருந்து கோயில் மண்டபத்துக்கு வேனில் போய் இறங்கினோம். அண்ணன் சீர்த்தட்டை எடுக்கக் குனிந்தார். நிமிரும்போது வேனின் பின்கதவு விளிம்பில் மடேரென்று தலையை இடித்துக்கொண்டார். சத்தம் எனக்கே கேட்டது.

ரத்தம் வரவில்லை. யாரோ தைலம் தேய்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

அண்ணனுக்கு இதயத் துடிப்பு சீராக இருக்காது. அதற்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அப்படிப்பட்டவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மூளைக்குள் ரத்தம் கசியலாம். கசிந்தால் சுலபத்தில் நிற்காது. தலையில் அடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மாத்திரை கொடுக்கும்போதே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பவித்ராவோடு மருந்து வாங்கப் போனபோது நானும் கேட்டிருக்கிறேன்.

சொன்னேன். மாப்பிள்ளையின் பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரத்தம் உறையாம இருக்கத்தானே மருந்து சாப்பிடுறாரு? அப்புறம் தலையில எப்படிம்மா ரத்தம் கட்டும்? நல்ல காரியத்துல ஆஸ்பத்திரின்னு வாயத் திறக்காதீங்க லா."

என்ன ஒரு மருத்துவ அறிவு! சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். குருக்கள் முகூர்த்தம் தப்பிவிடும் என்று அவசரப்படுத்தினார். அண்ணனும், லேசான வலிதான், மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மணப்பெண் அறைக்குப் போய்ப் பவித்ராவிடம் சொன்னேன்.

அலங்காரம் பாதியில் நின்றது. ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"தாரை வாக்குறதுக்கு மட்டுமா நீங்க எனக்கு வேணும்? வாங்கப்பா, காடியில ஏறுங்க."

மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார். பெரியப்பா கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பார்க்கவில்லை. நல்ல பிள்ளை.

அவசரப் பிரிவில் மாத்திரையின் பெயரைச் சொன்னதும் தாமதிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கசிவு இல்லை! ஆனாலும் பிறகு கசியலாம் என்று சாயங்காலம்வரை வைத்துப் பார்த்தார்கள். வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலைவலி கூடினாலோ உடனே திரும்பி வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

சரி, அந்தத் தப்பவே கூடாத முகூர்த்தம்? ராத்திரி விருந்துக்கு முன்னால் குருக்களே இன்னொன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அண்ணன் தன் கையாலேயே தாரை வார்த்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். விருந்தில் மேசைக்கு மேசை இதே பேச்சு — ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? சொன்னவர்கள் முகத்தில் நிம்மதி இல்லை... ஏமாற்றம்! என்னதான் எதிர்பார்த்தீர்கள்? மூளையில் ரத்தம் கசிந்திருந்தால்தான் அந்தப் பெண் செய்தது சரியா? ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தானே போனோம்!

சாப்பிட்டதும் பாதி, சாப்பிடாததும் பாதியாக எழுந்துவிட்டேன். கை கழுவும் இடத்துக்குப் பெரியப்பாவின் மனைவி பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவரும் அந்த மாத்திரைதான் சாப்பிடுறாரு. எங்கயாச்சும் விழுந்து வச்சா எங்க கொண்டு போறது?"

"ஸ்கேன் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் அக்கா. நல்ல நேரம் மட்டும் பாக்காதீங்க."