பேரையூர் ரோட்டில் பதினாறு

இன்ஜினுக்குப் புது பிஸ்டன் போட்டு முதன்முதலாக ஸ்டார்ட் செய்த அன்று, ஆனையூர் மெக்கானிக் அண்ணன் ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் காதை நம்பித்தானே பழைய பிஸ்டன் உருகியது?

என்னுடையது கார்புரேட்டர் காலத்துப் பைக். சிலிண்டரைக் குடைந்து, பெரிய கார்புரேட்டர் மாட்டியிருக்கிறேன். கே.கே. நகரில் எங்கள் தெருவே அதன் சத்தத்தில்தான் விழிக்கும். "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா பழைய இரும்புக் கடைதான்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மீட்டர் வாங்கினேன். சைலன்சர் குழாயில் அதன் சென்சாரைச் செருகினால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று எண்ணில் காட்டும். ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கும்போது அது பதின்மூன்றை ஒட்டி நிற்க வேண்டும். எண் ஏற ஏற இன்ஜின் சூடாகும், பிறகு பிஸ்டன் உருகும். படித்தவனுக்கு எண் போதாதா?

சென்சார் உட்காரக் குழாயில் ஒரு நட்டைப் பற்றவைக்க வேண்டும். அவசரத்தில், இரும்புக் கேட் செய்கிற பட்டறைக்குப் போனேன். "கேட்டே அசையாம நிக்கிது, இது நிக்காதா தம்பி" என்றவர், எல்லாக் கேட்டுக்கும் செய்வதுபோல் பற்றவைத்த இடத்தில் சில்வர் பெயிண்டும் அடித்துத் தந்தார். பளபளவென்று இருந்தது.

ஞாயிறு காலை, பேரையூர் ரோடு. பின்சீட்டில் நண்பன்.

"மாப்ள, பதினாறு காட்டுது."

பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். ஓரம்கட்டி, பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டைக் கழற்றி, பெரிய துளை ஜெட்டை மாட்டினேன். அப்போதும் பதினாறு. இன்னும் பெரியது. பதினாறரை. வண்டி இருமியது.

"பொக கறுப்பா வருதுடா. பெட்ரோல் சாஸ்தியானாத்தான அப்பிடி வரும்?"

"மீட்டரப் பாருடா. பொகைல இது மாதிரி எண்ணு தெரியுதா?"

நாலாவது ஜெட்டில் இன்ஜின் அணைந்தது. குட்டியானை வேனில் ஏற்றி ஆனையூருக்கே கொண்டுவந்தோம்.

அண்ணன் பிளக்கைக் கழற்றினார். கரியும் ஈரமுமாக இருந்தது. "இம்புட்டுப் பெட்ரோலக் குடிச்சிட்டு மப்புல கெடக்கு. இதுக்கு நீ இன்னும் ஊத்திக் குடுத்தியாக்கும்."

வேறு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தார். நட்டைச் சுற்றி உஸ்ஸென்றது. சில்வர் பெயிண்ட் சூட்டில் உரிந்துபோய், அடியில் ஊசி ஊசியாகத் துளைகள். அந்த வழியே வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது.

"பேரையூர்ல காத்து நல்லாத்தான் அடிக்கும் தம்பி" என்றார்.

"பழைய பிஸ்டன் உருகுனப்ப இந்த மூள எங்கண்ணே போச்சு?"

அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

வீட்டில் அப்பாவுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. "இரும்புக் கடைக்காரர அடுத்த திங்கக்கெழம வரச் சொல்லிருக்கேன்."

இடையில் ஒரே ஒரு ஞாயிறு. நட்டை எவர்சில்வர் வேலை செய்கிற பட்டறையில் புதிதாகப் பற்றவைத்து, பெயிண்ட் டப்பாவைத் திறக்கவிடாமல் கொண்டுவர வேண்டும். பழைய ஜெட்டோடு மறுபடியும் பேரையூர் ரோடு. இந்த முறை பின்சீட்டில் அண்ணன். மீட்டர் என்ன சொன்னாலும் பிளக்கைப் பார்த்த பிறகே ஜெட்டைத் தொடுவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஸ்குரூடிரைவரைக் கடையில் வைத்துவிட்டு வருவதாக அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.