சாத்தாத கதவும் சமமில்லாத தரைகளும்

மரத்தரை போடும் தொழிலில் இருக்கிற நாங்கள் தரையைக் கண்ணால் நம்புவதில்லை, காதால்தான் நம்புவோம். தட்டினால் அடியில் மட்டமா பள்ளமா என்று சத்தமே சொல்லிவிடும். ஆனால் அன்று இருட்டிய பிறகு எங்கள் வீட்டில் கேட்டது எந்த மரத்தின் சத்தமும் இல்லை. சிமெண்ட்டில் இரும்பு இழுபடுகிற சத்தம். வாசல் கதவுக்கு உள்பக்கம் நான் அண்டக் கொடுத்திருந்த கேஸ் சிலிண்டர், கர்ர்ரென்று நகர்ந்தது.

யாரோ வெளியிலிருந்து கதவைத் தள்ளினார்கள். கைக்குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சமையலறை மூலையில் ஒட்டிக்கொண்டேன். கணவருக்கு நைட் ஷிப்ட். அவரிடம் செல்போன் உண்டு, கம்பெனியில் லைனில் நிற்கும்போது எடுக்க விடமாட்டார்கள். "ஏலே, தொறல, கால் வலிக்கி" என்று குரல் வந்தது. பக்கத்துப் போர்ஷனில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்களில் ஒருவன், தூக்கக் கலக்கத்தில் வாசல் மாறி வந்திருக்கிறான். தப்பு தெரிந்ததும் போய்விட்டான். அவன் நல்லவன். அடுத்து தள்ளுகிறவனும் நல்லவனாகவே இருப்பான் என்று யார் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்?

வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு வேலைக்கும் போகிற தோழிகளே, கீழே வருவதில் பெரும்பகுதி அந்தக் கதவு சாத்தாத இரவுகளில், குழந்தை தூங்கின பிறகு எழுதியது. கோபம் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடு போட்டவர்

ஒரகடம் பக்கம் எங்கள் தெரு, ரோட்டைவிடத் தாழ்ந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேரே கூடத்துக்கு வரும். ஹவுஸ் ஓனரிடம் முறையிட்டேன். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் கொத்தனாரை அழைத்து வந்து, வாசலை ஒட்டி உள்பக்கத் தரையைச் சிமெண்ட் போட்டு உயர்த்திவிட்டார். தண்ணீர் நின்றது. கதவும் நின்றது! உள்பக்கம் திறக்கிற கதவு, சாத்தும்போது அந்த மேட்டில் முட்டி, நிலைக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. கீழ்த் தாழ்ப்பாள் இறங்க வேண்டிய ஓட்டையை வேறு பூசி மூடிவிட்டார்கள்.

தரையை உயர்த்தினால் கதவின் அடியை அறுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதைத்தான் மரியாதையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்ன பதில்: "யம்மா, தண்ணி வருதுன்னு கேட்டே, நிறுத்திக் குட்துட்டேன். கதவு வேற டிபார்ட்மெண்ட்டு."

உருண்டை பூமி

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு அதிகாரிகளுக்காக வீடுகளும் கெஸ்ட் ஹவுஸ்களும் எழும்பின சமயம் அது. அவர்களுக்குக் காலுக்கடியில் மரம் வேண்டும். கான்வென்ட் இங்கிலீஷ் பேசுகிறேன் என்பதற்காக ஒரு மரத்தரை கான்ட்ராக்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். பலகை போடும் முன் கான்கிரீட் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, மேட்டைத் தேய்க்கவும் பள்ளத்தை நிரப்பவும் ஆட்களை விடுவது என் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு ஒரு அலுமினிய மட்டப்பலகை தருவார்கள். தரையில் அதைப் படுக்கவைத்தால் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கட்டடம். மட்டப்பலகையை வைத்தேன், அடியில் என் சுண்டுவிரல் நுழைந்தது. கட்டடத்து இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனியக்கூட இல்லை அந்த மனிதர். "என் கண்ணுக்கு நேரா கீதே" என்றார். ரசமட்டத்தை வைத்தேன், குமிழி ஓரத்துக்கு ஓடியது. ரசமட்டம் பழசு என்றார். புதிதாக ஒன்று வாங்கி வந்து வைத்தேன். அதிலும் குமிழி ஓரத்துக்கே ஓடியதைப் பார்த்தார். பிறகு, "மேடம், பூமியே உருண்டையா கீது. அதும்மேல கட்ன தரை மட்டும் இன்னா, நேராவா இருக்கும்?"

பேசும் மரம்

வாலாஜாபாத்தில் நெல் மண்டி வைத்திருந்த ஒருவர் வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டினார். தரையை மட்டம் செய்வதெல்லாம் வெட்டிச் செலவு, பலகையை அப்படியே போடுங்கள் என்று நின்றார். நான் மறுத்தேன். என் மேனேஜரைப் பிடித்து என்னை மீறிப் போட வைத்தார். பள்ளத்தின் மேல் கிடந்த பலகைகள் நடக்க நடக்கத் தொய்ந்து, ஒன்றோடொன்று உரசி, கிறீச், டொக், கிறீச் என்று ஆரம்பித்தன. குடிவந்த வெளிநாட்டுக்காரர் பாத்ரூம் போனால் மாடியில் இருப்பவருக்குத் தெரியும்.

பழி யாருக்கு? மட்டம் பார்த்த பெண்ணுக்கு. "அன்றே சொன்னேனே சார்" என்றேன். சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லையாம். மேனேஜருக்கும் இல்லையாம். இரண்டு ஆண்களுக்கு ஒரே நாளில் மறதி வருமா? மண்டிக்காரர் கடைசியில் ஒரு வழி சொன்னார்: "மரம் உன்து தானே? அத்த வாய மூடச் சொல்லு."

மகாலட்சுமி பாதம்

பள்ளத்தை நிரப்ப ஒரு பவுடர் வரும். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தோசை மாவு போலப் பரவி, தானே மட்டமாகி இறுகும். இறுகும்வரை ஈகூட உட்காரக் கூடாது. குன்றத்தூரில் ஒரு வீட்டுக் கூடம் முழுக்க ஊற்றி முடித்து, வாசலில் கயிறு கட்டி, வீட்டு அம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் கயிற்றைக் காணோம். தரையில் வாசலிலிருந்து பூஜை அறைவரை வரிசையாகக் குளம்புத் தடம். பக்கத்தில் கன்றின் சின்னத் தடம். நடுவில் சாணி வேறு, இறுகி.

விடியற்காலையில் முகூர்த்தம் வந்துவிட்டதாம், பசுவையும் கன்றையும் உள்ளே ஓட்டிக் கிரகப்பிரவேசம் முடித்துவிட்டார்கள். மரம் போட்ட பிறகு பசு வந்தால் மரம் கீறும் என்று முன்யோசனை வேறு! பசுவின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை யாரும் கேட்கவில்லை. தேய்க்கிற மிஷினை இறக்கச் சொன்னேன். அந்த அம்மாள் தடத்தின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்: "மகாலட்சுமி பாதம்மா இது. இத்த வச்சிகினே மேல பலகையப் போடு. மிஷின எட்துகினு வெளில போ."

வீட்டிலேயே விட்டுவிட்டு

இத்தனை தரைக்கும் அலைந்துவிட்டு வீடு திரும்பினால் என் கதவு சாத்தாது. ஓனரோ ஊருக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று நழுவினார். கணவர், "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றார். அட்ஜஸ்ட் செய்கிறவள் ராத்திரி முழுக்கச் சிலிண்டரைப் பார்த்தபடி விழித்திருக்கிறவள் அல்லவா? சமையலுக்கும் அதே சிலிண்டர்தான், காலியாகிக்கொண்டே வந்தது. காலியான சிலிண்டரை ஒரு குழந்தைகூடத் தள்ளிவிடும்.

ஆபீசில் போய், ஒரு பகல் லீவும் ஒரு தச்சரும் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வீட்டுப் பிரச்சினைய எல்லாம் வீட்லயே விட்டுட்டு வரணும் மேடம்." விட்டுவிட்டு வரத்தான் சார் ஆசை. வீட்டைப் பூட்ட முடிந்தால் விட்டுவிட்டு வரமாட்டேனா? இதை நான் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் நின்றிருந்த எங்கள் தச்சர் செல்வம் வெளியே வந்து மெல்லக் கேட்டார்: "எக்கா, ஞாயித்துக்கெழம வந்தா ஆபீசு என்னத்த சொல்லும்?"

கதவின் அடி

கோவில்பட்டிக்காரர் செல்வம். ஞாயிறு காலை ரம்பமும் டிரில்லும் எடுத்து வந்தார். கதவைக் கழற்றிப் படுக்கவைத்து அடியில் கோடு போட்டபோது ஓனர் ஓடிவந்தார். "என் கதவ அறுக்க உனக்கு யாரும்மா பர்மிஷன் குட்தது? தேக்கும்மா அது!" செல்வம் மோந்து பார்த்துவிட்டு, "வேம்பு அண்ணாச்சி" என்றார். ஓனருக்கு ஆத்திரம் ஏறிவிட்டது. வீட்டைக் காலி செய் என்றார். கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குப் பத்து வருஷம் 'எக்ஸ்க்யூஸ் மீ' கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. "காலி பண்றேன் சார். அதுவரைக்கும் என் பொண்ணு சாத்தின கதவுக்குள்ளதான் தூங்குவா. நீங்க அறுங்க செல்வம்" என்றேன்.

அறுத்தார். மேட்டில் துளை போட்டார். கதவை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். ஓனர் மட்டும் வாசற்படியில் நின்று, யாரைக் கேட்டு, எவனைக் கேட்டு என்று பேசிக்கொண்டே இருந்தார். கதவைச் சாத்திப் பார்க்க வேண்டாமா? சாத்தினேன். நிலையோடு பொருந்தியது. கீழ்த் தாழ்ப்பாளை அழுத்தினேன், துளைக்குள் இறங்கியது. வெளியிலிருந்து ஓனர் முட்டினார், கதவு அசையவில்லை. "யம்மா! யம்மா! நான் ஹவுஸ் ஓனரும்மா, என்னையே வெளில வச்சி சாத்துறியா?"

ஊரார் தரையில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் அடைத்துப் பிழைக்கிற நான், என் வீட்டுத் தரையில் ஒரு ஓட்டை போட்ட பிறகுதான் கதவை உள்ளே தாழிட முடிந்தது.