யோகராசாவுக்கு ஒரு மரணச் சான்றிதழ்

சங்கீதா துபாய்க்கு வந்து ஆறு வருடம். மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை. சோனாப்பூரில் பெண்கள் கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஒரு ரூம். ஊர், மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை. அப்பா யோகராசா காணாமல் போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது.

அவள் பிறந்த அடுத்த வருடமே அப்பா இயக்கத்துக்குப் போனார். பத்து வருடம் சண்டை பிடித்தார். மிதிவெடியில் இடக்காலின் மூன்று விரல்கள் போயின. 2004இல் இயக்கம் இரண்டாக உடைந்தபோது வீட்டுக்கு வந்து வலை வீசத் தொடங்கினார். பிறகு ஒருநாள் வெள்ளை வான் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அதே மனிதர், அதே கையில் துவக்கு, ராணுவத்தோடு நின்ற குழுவில். 2007 தை மாதத்துக்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

வீட்டு வளவு அப்பாவின் பெயரில் இருந்தது. அம்மா நாகவள்ளியின் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழுக்கு, செத்ததைக் கண்ட சாட்சி வேண்டும். அம்மா ஒவ்வொரு முறையும், "விடு புள்ள, கிடக்கட்டும்" என்றுதான் சொன்னாள். சங்கீதா விடவில்லை. வளைகுடாவில் இருக்கும் மட்டக்களப்பு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் படத்தைப் போட்டாள்.

முதல் பதில், "மாவீரனுக்கு வணக்கம்." இரண்டாவது, "துரோகி." அரை மணி நேரத்தில் குழுவை நடத்துகிறவர் படத்தையே அழித்துவிட்டார். மூன்றாம் நாள் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. பேசியவன் அருள்ராஜ், கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். அவனும் சோனாப்பூரில்தான் இருந்தான், இரண்டு தெரு தள்ளி.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடையில் சந்தித்தார்கள். முப்பத்தைந்து தாண்டிய, வெயிலில் கறுத்த ஆள்.

"யோகண்ணன்ட மகளா? முகவெட்டு அப்பிடியே இரிக்கி."

"அப்பாவ எப்பிடித் தெரியும்?"

"எனக்குப் பயிற்சி தந்தவரே அவர்தான்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்ற கம்பெனி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிறகு கண்டது, முகத்துல சாக்கோட."

சண்டையில் வாகரையை விட்டு ஓடிவந்த சனத்தை ஒரு பள்ளிக்கூட வளவில் ராணுவத்தினர் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் கதிரையில், தலையில் சாக்கு கவிழ்த்த ஒருவன். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும்.

"என்ட முறை வந்தது. நிமிர்ந்து பாக்கப் பயம், கீழ பாத்தன். செருப்புக்குள்ள மூணு விரல் இல்ல. யோகண்ணன்தான் எண்டு விளங்கிட்டு. அவர் ஆட்டல்ல. 'போ' எண்டாங்க. ரெண்டு எட்டு வெச்சுத் திரும்பிப் பாத்தன். எனக்குப் பின்னால என்ட அண்ணன் நிண்டவன். சாக்கு ஆடிச்சு."

"உங்கட அண்ணனும் இயக்கமா?"

"இல்ல. அவன் வேதக் கோயில்ல யேசு பாட்டுப் படிக்கிறவன். இயக்கத்துல இருந்தது நான்தான்."

சங்கீதா டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஆரையாவது குடுத்தாகணும் அவருக்கு. தெரிஞ்சவன விட்டுட்டுத் தெரியாதவனக் குடுத்தார்." அவன் குரலில் கோபம் இல்லை. "மூணு கிழமை கழிச்சு றோட்டுக் கரையில செத்துக் கிடந்தார். இயக்கம் சுட்டதெண்டும் சொன்னாங்க, அவங்கட ஆக்களே சுட்டதெண்டும் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் எடுக்க வரல்ல. நானும் இன்னொரு ஆளும் கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ள தாட்டம்."

"உங்கட அண்ணனக் காட்டிக் குடுத்தவர நீங்களா?"

"நாய் இழுக்கத் தொடங்கிட்டு. வேற என்ன செய்ய?"

அன்று பின்னேரம் அவள் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அப்பா செத்த கதையைச் சொன்னாள். அம்மா அழுதாள். பிறகு தயங்கித் தயங்கி, "அம்மா, அப்பா தலையாட்டியா இரிந்ததாம்" என்றாள்.

"தெரியும் புள்ள."

"ஆரு சொன்ன?"

"ஆருஞ் சொல்லல்ல. அந்தச் சாக்குல கண்ணுக்கு ஓட்டை வெட்டிக் குடுத்தது நான்தான். ஓரம் முகத்தக் கீறுது எண்டார். சீலைத் துண்டு வெச்சுத் தைச்சும் குடுத்தன்."

"ஏம்மா?"

"செய்யாட்டி உன்னக் கொண்டுபோறம் எண்டாங்க. அவர் ஏலாது, சாவன் எண்டுதான் இரிந்தார். காலப் புடிச்சு அனுப்பினது நான்."

சங்கீதா கட்டிலில் ஏறிப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் தூத்துக்குடிக்காரப் பெண் கனகா, "காய்ச்சலாக்கா?" என்று கேட்டாள். ஆமென்று தலையசைத்தாள். அசைத்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று உறைத்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

இதை அருள்ராஜிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னாள். "என்னக் காப்பாத்தத்தான் உங்கட அண்ணனக் குடுத்திரிக்கார்."

"உங்களுக்கு அப்ப எத்தின வயசு?" என்று மட்டும் கேட்டான்.

"பதின்மூணு."

"அண்ணனுக்குப் பத்தொம்பது" என்று சொல்லி எழுந்து போய்விட்டான்.

இனி வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் இலங்கைத் துணைத் தூதரகத்தில் சாட்சிக் கடிதம் கொடுக்க வேண்டிய நாளில், அரை நாள் லீவு போட்டு வந்து நின்றான். கையெழுத்தை வைத்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"உங்கட அப்பா செத்துக் கிடந்தத நான் பாத்தன், கையெழுத்து வெச்சிட்டன். அண்ணன் லொறியில ஏறினத மட்டுந்தான் பாத்தன். அவன் செத்ததெண்டு ஆரு வெப்பாங்க? எங்கட அம்மா இன்னும் அவனுக்கும் சேத்துத்தான் சோறாக்கிறா."

அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை. அபுதாபி சைட்டுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனதாக அவன் ரூம்காரர் சொன்னார்.

சான்றிதழ் நாலு மாதத்தில் ஊருக்கு வந்தது. மரணத்துக்கான காரணம்: அடையாளம் தெரியாதோரின் துப்பாக்கிச் சூடு. அருள்ராஜின் அண்ணன் கதையைச் சங்கீதா ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா சான்றிதழை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அருள்ராஜின் தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"அங்க போய் என்னம்மா சொல்லப்போறீங்க?" என்று சங்கீதா போனில் கேட்டாள்.

அம்மாவுக்கும் தெரியவில்லை. இதுவரை இரண்டு முறை அந்த வீட்டு வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறாள்.