போட் ஆயில் ஊற்றிய கார்

மார்கழிக் காலையில் எங்கள் காரின் பின்சக்கரத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மீன் பெட்டி ஏற்றுகிற பழைய கார். பட்டினச்சேரியில் மீன் எடுத்துக்கொண்டு அப்பா அப்போதுதான் வாசலில் வந்து நிறுத்தியிருந்தார். பனியும் ஆவியும் கலந்து, கார் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தது.

"பாரேன், வண்டியே குளிர் காயுது" என்றபடி அம்மா கூடையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தினமும் அந்தக் காரில்தான் நெடுங்காட்டுக்கு மீன் விற்கப் போவாள்.

நான் டிப்ளமோ முடித்து ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எதைப் பார்த்தாலும் மனம் வரிசை போடும். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சக்கரத்தில் சொட்டுகிறது. சொட்டியதும் ஆவியாகிறது. அப்படியானால் சக்கரம் கொதிக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை.

பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறி உப்பியிருந்தது.

"இதுல என்னப்பா ஊத்துனீங்க?"

"கொறஞ்சிருந்துச்சு. போட்டுக்கு வச்சிருந்த கேன்லேர்ந்து ஊத்துனேன். நல்ல ஆயில்தான்."

அப்பா இருபது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். அங்கே இன்ஜின், கியர், வலை இழுக்கிற வின்ச் எல்லாவற்றுக்கும் ஒரே கேன். அந்த எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர்கள் வீங்கிவிடும். முதலில் பிரேக் இறுகும்; பிறகு ஒருநாள் பிடிக்காமலே போகும்.

சாவியை எடுத்துக்கொண்டேன்.

"மீனு கெட்டுரும், குடு பாப்பா. மெதுவா ஓட்டுறேன்."

"மெதுவா போனாலும் நிக்கணும்ல? பக்கத்துல அம்மா உக்காந்திருக்கு."

"கடல்ல பிரேக்கே இல்லாம ஓட்டுனவன்டி நானு!"

"கடல்ல எதுக்க பஸ் வராது" என்று சொல்லி அம்மா இறங்கினாள். ஆட்டோ பிடித்து மீனோடு போய்விட்டாள்.

இரண்டு நாள் வேலை. எண்ணெய் பட்ட ரப்பர், ஹோஸ் ஒன்று விடாமல் மாற்றினேன். குழாய்களைக் கழுவிப் புது பிரேக் ஆயில் ஊற்றினேன். பிறகு உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். அப்பா பெடலில், நான் சக்கரத்தடியில். "மிதிங்க... பிடிச்சுக்குங்க... விடுங்க." காற்று வெளியேற மாட்டிய கண்ணாடி போன்ற குழாயில் குமிழிகள் சோம்பலாக ஊர்ந்து வந்தன. வெயில் ஏறியது தெரியவில்லை. கடைசிக் குமிழி போன பிறகும் அப்பா மிதித்துக்கொண்டேயிருந்தார்.

மூன்றாம் நாள் நானும் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். குரும்பகரம் அருகே, வளைவு திரும்பியதும் சாலை முழுக்க வாத்துகள். அறுத்த வயலுக்கு ஓட்டிப் போகிற கூட்டம். அப்பா மிதித்தார். கார் நேராக நின்றது. வாத்துகள் எங்களைப் பார்க்கவேயில்லை. பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போயின.

"ஏங்க, எல்லாம் போயிடுச்சு. காலை எடுங்க" என்றாள் அம்மா.

"இரு" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்."