போட்டாதாங்கில் ஓட்டுப் போடும் நாள்

ரங்கூனில் போட்டாதாங் படகுத்துறை. படகு வரும்வரை மா மியாவின் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் தமிழ்த் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவள், விதவை. எதிரே பள்ளிக்கூடத்தில் சட்டசபைத் தேர்தல் நடக்கிறது. வெள்ளைக்காரன் நடத்தும் தேர்தலில் யாரும் ஓட்டுப் போடக் கூடாதென்று வாசலில் இருபது பேர் தடியோடு நிற்கிறார்கள். காலையில் மீறிப் போன ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது.

மா மியா அடுப்பை அணைக்கிறாள்.

"போகாதீங்கம்மா," என்கிறேன்.

"வீட்டு வரி கட்டுறேன் ஐயா, லிஸ்டுல பேரு இருக்கு. என் ஓட்டைப் போடாதேன்னு சொல்ல அவன் யாரு?"

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். கூடப் போகலாமென்று நினைக்கிறேன், ஆனால் பெஞ்சை விட்டு எழவில்லை. கூட்டம் அவளைச் சூழ்ந்துகொள்கிறது. தலைகூடத் தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து, யாரோ துப்பிய எச்சில் கன்னத்தில் வழிய ஓடி வருகிறாள். கதவைத் தாழிடுகிறோம். வெளியே கதவுப் பலகையில் கல் விழுகிறது.

"போட்டுட்டேன்," என்கிறாள் மூச்சிரைக்க. "உங்க மெட்ராஸ்ல பொம்பளைங்களுக்கு ஓட்டு உண்டா ஐயா?"

"உண்டு."

போன தேர்தலில் என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். கலகம் வருமென்று நான்தான் விடவில்லை.