வெள்ளிமலை பஸ்ஸின் வேகம், கிலோபிட்டில்

கணக்கில் நான் என்றைக்குமே கெட்டிக்காரி இல்லை. அப்படிப்பட்ட என்னைத்தான், ஒரு பஸ் நொடிக்கு எத்தனை கிலோபிட் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

நான் வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில். சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனுக்களைக் கணினியில் ஏற்றி அனுப்பும் ஒரு தனியார் கம்பெனியின் கிளை அது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் எங்களுக்கு இன்னொரு சின்ன மையம் உண்டு. அங்கே ஒரே ஒரு பெண். மலைக்காரப் பெண், எனக்குத் தங்கை வயது. மனுக்களை அவள் ஸ்கேன் செய்வாள். அங்கே நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து, ரப்பர் பேண்டு சுற்றி, மத்தியான பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அது இரண்டு மணி நேரத்தில் வந்து சேரும். நான் போய் வாங்கி வந்து ஏற்றுவேன்.

ஒருநாள் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு மையத்திலிருந்தும் தகவல் என்ன வேகத்தில் வருகிறது? டெலிபோன் கம்பியில் கீச்சுக் கீச்சென்று கத்தும் மோடம் இருந்த காலத்தில் யாரோ தயாரித்த படிவம், மாற்ற ஒருவருக்கும் நேரமில்லை. தேர்ந்தெடுக்க நான்கே எண்கள்: 14.4, 28.8, 33.6, 56. எல்லாம் நொடிக்கு இத்தனை கிலோபிட். 56 வராத மையம் மூடப்படும் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

மூடினால் அவளுக்கு வேலை போகும். அதோடு, ஒரு சான்றிதழுக்காக மலைக்காரர்கள் ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரவேண்டும்.

மேனேஜர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பஸ்ஸுன்னு எழுத எடம் இல்லம்மா. அது இன்னா வேகத்துல கொண்டாருதுன்னு கணக்கு போட்டு எழுதிடு.”

போட்டேன். ஒரு நாள் மனுக்கள் நாற்பது மெகாபைட். பைட்டுக்கு எட்டு பிட். பெருக்கினால் மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோபிட். இரண்டு மணி நேரம் என்றால் ஏழாயிரத்து இருநூறு நொடி. வகுத்தால் நாற்பத்துநான்கு. செத்துப்போன மோடத்திடம் எங்கள் பஸ் தோற்றுவிட்டது.

“டிரைவர கொஞ்சம் வேகமா வரச் சொல்லேன்.”

“கொண்டை ஊசி வளைவுல இன்னாத்த வேகங்க சார்?”

பஸ்ஸை வேகமாக்க முடியாது. ஆனால் பென் டிரைவில் ஒரு மூலைகூட நிரம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் போன் செய்தேன்.

“பென் டிரைவ்ல சொம ஜாஸ்தி பண்ணு. வேகம் ஏறிடும்.”

“சொம ஏறுனா வண்டி மெதுவாத்தானக்கா வரும்?”

“இது அப்புடி இல்ல. ரொப்ப ரொப்ப வேகம்.”

“யாருக்கா போட்ட கணக்கு இது?”

உண்மையில் பத்துப் பதினைந்து மெகாபைட் கூடியிருந்தாலே போதும். பயத்தில் நான்தான் முழுசாக ரொப்பச் சொன்னேன். அவள் சுற்றுவட்டாரத்தில் கேட்டு, கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, திருவிழா என்று பதினாறு ஜிபியையும் நிறைத்துவிட்டாள்.

படிவத்தில் 56 என்று எழுதி அனுப்பினோம். அதைச் சோதிக்க தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார். அன்றைக்கென்று பார்த்து கச்சிராயபாளையம் தாண்டி டயர் பஞ்சர். பஸ் ஒரு மணி நேரம் தாமதம். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நான் கணக்கை நீட்டினேன்: மூன்று மணி நேரத்தில் பதினாறு ஜிபி, நொடிக்குப் பதினோராயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொரு கிலோபிட். படிவத்தில் 56-க்கு மேல் எண் இல்லாததால், அதிகாரி அதை ஐம்பத்தாறால் வகுத்து, ‘56 மோடம் - 211’ என்று எழுதிக்கொண்டார்.

தகவல் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க ஒரு கோப்பைத் திறந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

“இது யாரோட மனு?”

“பொண்ணு வூட்டு மனுங்க சார்,” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. வெள்ளிமலை மையம் தொடரலாம். நான் துள்ளிக் குதித்தேன். இரண்டாவது வரி: மையத்தில் உபரியாக உள்ள 210 மோடங்களைத் திருப்பி அனுப்பவும். சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது வரி: வெள்ளிமலைக்கு நெட் கேபிள் கேட்டு வந்த விண்ணப்பம், அங்கே ஏற்கெனவே போதிய வேகம் இருப்பதால், தள்ளுபடி.

அந்த விண்ணப்பத்தை அவள்தான் எழுதியிருந்தாள். மலைக்காரர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். அதுவும் அதே பென் டிரைவில், கல்யாணங்களுக்கு நடுவில்தான் இறங்கி வந்தது. ஏற்றி அனுப்பியவள் நான். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

போனில் படித்துக் காட்டினேன்.

“உண்மைய எழுதிடலாமாக்கா? நாப்பத்துநாலுன்னு?”

“எழுதுனா மூடிடுவாங்க.”

“எழுதலன்னா கேபிள் வராது.”

“வராது.”

பின்னால் யாரோ பென்ஷன் மனுவோடு காத்திருந்தார்கள் போல. கொஞ்சம் இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

“அப்ப நாளைக்கு யாரு கல்யாணத்தக்கா அனுப்பட்டும்?”